பொருட்பாலை மேலாண்மை நூலாக வாசித்தல்: ஒரு மறுபார்வை

திருக்குறளின் பொருட்பாலை மேலாண்மையியலோடு இணைத்துக் காணும் நூல்களும் கட்டுரைகளும் பயிலரங்குகளும் அண்மைப் பத்தாண்டுகளில் பெருகியுள்ளன. தமிழகத்தில் மட்டுமன்றி மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வகை வாசிப்புக்கு நல்ல வரவேற்பு இருந்து வருகின்றது. வணிகர் கூட்டங்களில் குறள் மேற்கோளாகின்றது. தலைமைத்துவப் பயிற்சிகளில் அதிகாரத் தலைப்புகள் பாடத் தலைப்புகளாகின்றன. ஆய்வேடு எழுத வரும் மாணவர்க்கும் இஃது எளிதில் கைகொடுக்கும் தலைப்பாகிவிட்டது. பழந்தமிழ் நூலொன்று இன்றைய தொழில் வாழ்க்கைக்கும் பயன்படுகின்றது என்பதில் தமிழாசிரியர்களாகிய நமக்கு மகிழ்ச்சி இருப்பது இயல்பே. அம்மகிழ்ச்சியின் காரணமாகவே இவ்வாசிப்பு போதிய திறனாய்வுக்கு உட்படாமல் போயிற்றோ என்னும் ஐயமும் நமக்கு உண்டு. இவ்வாசிப்பு குறளை யாருடைய கண்களால் காண்கின்றது, அதனால் நூலில் எவை கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன என்னும் இரண்டு வினாக்களை இங்கு எழுப்பிப் பார்க்க விழைகின்றோம்.

மாற்றீட்டு முறை

மேலாண்மை வாசிப்பின் அடிப்படைச் செயல் மிக எளியது. ‘மன்னன்’ என வரும் இடத்தில் நிறுவனத் தலைவரை வைத்தல். அமைச்சரைத் துறைத் தலைவராகவும், படையைப் பணியாளராகவும், பகையைப் போட்டி நிறுவனமாகவும், நாட்டைச் சந்தையாகவும் கொள்ளுதல். இவ்வாறு ஓர் அட்டவணை அமைந்துவிட்டால் அதன்பின் வேலை தானாகவே நடைபெறும். இறைமாட்சி தலைமைத்துவம் ஆகும். சொல்வன்மை தகவல் தொடர்புத் திறன் ஆகும். ஒற்றாடல் சந்தை ஆய்வு ஆகும். காலமறிதல் நேர மேலாண்மை ஆகும்.

கடைசியாகச் சொன்ன இணை எவ்வளவு பிழையானது என்பதை அவ்வதிகாரத்தை ஒருமுறை படித்தாலே உணரலாம். பகலில் கூகையை வெல்லும் காக்கை (481), பாய்வதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடா (486), வாய்ப்பு வரும்வரை அசையாது நிற்கும் கொக்கு (490) ஆகியவையே அங்குள்ள உவமைகள். நாளின் மணிநேரங்களைப் பங்கிட்டு மிச்சப்படுத்தும் கவலை எதுவும் அக்கொக்குக்கு இல்லை. ஒன்றும் செய்யாதிருப்பதே அதன் திறன். நேர மேலாண்மைப் பயிற்றுநர் எவரும் அக்கொக்கைத் தம் அலுவலகத்தில் ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ள மாட்டார்.

எனினும், பிற துறை அறிவைக் கொண்டுவந்து குறளுக்குப் பொருள் காண்பதே தவறு என்று நாம் கூற முற்படவில்லை. அதற்கு நம் உரைமரபிலேயே முன்மாதிரி இருக்கின்றது. தெரிந்து தெளிதல் அதிகாரத்தின் முதற்குறள் (501), பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவரை அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினாலும் ஆராய்ந்து தெளிய வேண்டும் என்கின்றது. பரிமேலழகர் இதற்கு உரை காணும்போது வடநூல்கள் கூறும் சோதனை முறைகளை விரித்துரைக்கின்றார். அவை கௌடிலியரின் அர்த்தசாத்திரம் அமைச்சர்க்கு வகுத்த சோதனைகளோடு ஒத்துச் செல்வன. சாம சாத்திரியார் 1909இல் அர்த்தசாத்திர மூலத்தையும் 1915இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்ட பின்னர் இவ்வொப்பீடு ஆய்வாளர்களுக்கு மேலும் எளிதாயிற்று. ஆகவே, குறளோடு வேறொரு நூலை வைத்துப் படிப்பது உரையாசிரியர்களும் செய்ததே. ஆனால் பரிமேலழகர் அரசனை அரசனாகவே நிறுத்திப் பொருள் உரைத்தார். குறளின் அரசனுக்கு அதிகாரம் உண்டு. அவ்வதிகாரத்தின்மேல் ஓர் அச்சமும் கவிந்திருக்கின்றது. குடிகளை வருத்தும் அரசன் கொலைத் தொழில் செய்வாரினும் கொடியவன் (551). கோலோடு நின்று பொருள் கேட்பவன் வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரனுக்கு நிகர் (552). பொறுக்கமாட்டாது அழுதவர்களின் கண்ணீர் அவன் செல்வத்தை அறுக்கும் ஆயுதம் (555). மாற்றீட்டு அட்டவணை அரசனின் அதிகாரத்தை நிறுவனத் தலைவருக்குக் கொடுக்கின்றது, இவ்வச்சத்தைக் கொடுப்பதில்லை. நாம் படித்த அளவில், கொடுங்கோன்மை அதிகாரத்துக்கு இவ்வகை நூல்களில் கிடைக்கும் இடம் இறைமாட்சிக்குக் கிடைப்பதில் ஒரு சிறு பங்கே.

ஓர் அதிகாரத்தின் நான்கு குறள்கள்

மேலாண்மைப் பேச்சுகளில் மிகுதியும் எடுத்தாளப்படும் குறள் 517ஆம் குறளே எனலாம். இச்செயலை இன்ன கருவியால் இவர் முடிப்பார் என ஆராய்ந்து அதனை அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அதிகாரப் பகிர்வு என்று இன்று பேசப்படும் கோட்பாட்டை வள்ளுவர் அன்றே கூறிவிட்டார் என்று சொல்லி இத்துடன் நிறுத்திவிடுவது வழக்கம். இக்குறள் அமைந்துள்ள ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்துக்குள் சற்று நின்று பார்ப்போம்.

முதலாவதாக, ‘கருவி’ என்பதற்குப் பரிமேலழகர் துணைவரையும் பொருளையும் பொருளாகக் கொள்கின்றார். செயல், செய்பவர், கருவி ஆகிய மூன்றும் தமக்குள் பொருந்த வேண்டும் என்றும் விளக்குகின்றார். அதாவது, போதிய ஆட்களையும் பணத்தையும் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் ஒருவர் தலையில் சுமத்துவது இக்குறளின்படி ஒப்படைத்தல் ஆகாது. இருவர் செய்த வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு இக்குறளை மேற்கோள் காட்டுவோர் அதன் இரண்டாம் சொல்லைப் படிக்கவில்லை என்றே பொருள்.

அடுத்து, 518ஆம் குறள். ஒருவர் ஒரு வினைக்கு உரியவர் என ஆராய்ந்து கண்டபின் அவரை அதற்கு உரியவராகச் செய்ய வேண்டும் என்கின்றது. வினையைத் தாமே செய்து முடிக்கும் ஆற்றல் உடையவராக அவரை ஆக்குதல் என்று உரையாசிரியர் தெளிவுபடுத்துகின்றார். தகுதி தேர்வு நாளன்று முடிந்துவிடுவதில்லை; அதன்பின் தேர்ந்தெடுத்தவரின் கடமை தொடங்குகின்றது.

மூன்றாவதாக 519ஆம் குறள். முயன்று பணிபுரியும் ஒருவர் அம்முயற்சி தரும் உரிமையால் தலைவரிடம் நெருங்கிப் பழகுகின்றார். அதனைப் பொறாதவர் சொற்கேட்டு அவரைத் தவறாக எண்ணும் தலைவனை விட்டுத் திருமகள் நீங்குவாள். இங்கு ஆராயப்படுபவர் யார்? பணியாளர் அல்லர், தலைவரே. அலுவலகங்களில் நாள்தோறும் நடக்கும் ஒன்றை இவ்வளவு கூர்மையாகச் சுட்டும் குறள் மேலாண்மை மேடைகளில் அரிதாகவே ஒலிக்கின்றது. மேடையில் அமர்ந்திருப்போர்க்கு அஃது இனிமையாக இராது என்பது காரணமாகலாம்.

இறுதியாக, 520. வினைசெய்வோர் நேர்மை பிறழாதிருக்கின்றார்களா என்பதை மன்னன் நாளும் ஆராய வேண்டும். அவர்கள் பிறழாதவரை உலகமும் பிறழாது. மேலோட்டமாகப் பார்த்தால் இது கண்காணிப்புக்கு ஆதரவான குறள் போலத் தோன்றும். ஆயின், ஆராய்வதன் நோக்கம் உற்பத்தியை மிகுவிப்பது என்று அங்கு இல்லை. வினைசெய்வோரின் கீழ் வாழும் உலகத்தைப் பற்றியதே அதன் கவலை. ஒப்படைத்தவர் ஒப்படைத்ததனால் பொறுப்பினின்று விடுபடுவதில்லை என்பதே 517க்கும் 520க்கும் இடையிலுள்ள உறவு. குறள் வைப்புமுறை உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறுபடும் என்பதை நாம் அறிவோம். மணக்குடவர் வரிசை வேறு, பரிமேலழகர் வரிசை வேறு. ஆகவே வரிசையை வைத்து நாம் வாதிடவில்லை. இந்நான்கும் ஓர் அதிகாரத்தின் பத்துக்குள் அடங்குவன என்பதே நமக்குப் போதும்.

மேலாண்மையியலின் தொடக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. பிரடெரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட ‘அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்’ என்னும் நூலில், எஃகுத் தொழிற்சாலை ஒன்றில் இரும்புப் பாளங்களைச் சுமக்கும் தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு 12½ டன் சுமந்த நிலையிலிருந்து 47½ டன் சுமக்கும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டதைப் பெருமையுடன் கூறுகின்றார். அவருடைய கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கானது. கூலி அறுபது விழுக்காடு கூடியது. எண்ணித் திட்டமிடுவது மேலாளர் வேலை, சொன்னபடி செய்வது தொழிலாளி வேலை என்பது டெய்லர் முறையின் அடித்தளம். 518ஆம் குறள் வினைசெய்பவரைத் தாமே செய்து முடிக்க வல்லவராக்கச் சொல்கின்றது. டெய்லரின் முறையோ அவ்வன்மையைத் தொழிலாளியிடமிருந்து எடுத்து அலுவலக மேசைக்குக் கொண்டு செல்கின்றது. இவ்விரண்டையும் ஒன்றே எனக் கூறுவோர் குறளையும் படிக்கவில்லை, டெய்லரையும் படிக்கவில்லை. மேலாண்மையியல் டெய்லரோடு நின்றுவிடவில்லை என்பதும் உண்மையே. 1954இல் மேலாண்மை நடைமுறை பற்றி நூல் எழுதிய பீட்டர் டிரக்கர் போன்றோர் தொழிலாளியின் பொறுப்புணர்வுக்கு இடம் தந்தனர். ஒப்பீடு செய்வோர் எந்த மேலாண்மையோடு ஒப்பிடுகின்றனர் என்பதையாவது சொல்ல வேண்டும் அல்லவா?

முதலும் ஊதியமும்

வள்ளுவர்க்கு வணிகத்தின் மொழி நன்கு தெரிந்திருக்கின்றது. முதல் இல்லாதவர்க்கு ஊதியம் இல்லை என்பதனைத் தாங்கும் துணை இல்லாதவர்க்கு நிலைபேறில்லை என்பதற்கு உவமையாக்குகின்றார் (449). செயல் தொடங்கும்போது இப்போது அழிவதையும், அதனால் ஆவதையும், ஆகிப் பின்னர்த் தரும் ஊதியத்தையும் சேர்த்து எண்ணச் சொல்கின்றார் (461). வரப்போகும் ஆக்கத்தைக் கருதி உள்ள முதலையும் இழக்கும் முயற்சியை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்கின்றார் (463).

‘ஊதியம்’ என்னும் சொல் இங்கெல்லாம் இலாபம், பயன் என்னும் பொருளில் வருவது. இன்று அச்சொல் சம்பளத்தைக் குறிக்கின்றது. முதலாளியின் கணக்கில் மிஞ்சுவதைக் குறித்த சொல், தொழிலாளியின் கைக்கு வருவதைக் குறிக்கும் சொல்லாக மாறியிருக்கின்றது. நம் மாணவர் பலர் 461ஆம் குறளைச் சம்பளத்தைப் பற்றியதாகவே முதலில் புரிந்துகொள்கின்றனர். வகுப்பறையில் இதனைத் திருத்துவதோடு நில்லாமல் அச்சொல்லின் இடப்பெயர்ச்சியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம் என்பது நம் எண்ணம். ஈதலும் இசைபட வாழ்தலுமே உயிர்க்கு ஊதியம் என்னும் கருத்துடைய 231ஆம் குறளையும் அப்போது உடன் வைக்க வேண்டும்.

463ஆம் குறளில் ‘முதல்’ எது என்பது நாம் எழுப்ப வேண்டிய மற்றொரு வினா. மேலாண்மை வாசிப்பு அதனைப் பணமாகவே கொள்ளும். நிறுவனத்தின் முதல் பணம் மட்டுந்தானா? நிலம் முதல் இல்லையா? தொழிலாளியின் உடல்நலம்? வாடிக்கையாளர் வைத்த நம்பிக்கை? கணக்கேட்டில் ஏறாத முதல்களை இழந்து கணக்கேட்டில் ஏறும் ஆக்கத்தைக் காட்டுவதே பல நிறுவனங்களின் வெற்றிக் கதையாக இருக்கின்றது.

வணிகரை நேரடியாக விளித்துப் பேசும் 120ஆம் குறள் பொருட்பாலில் இல்லை என்பது இங்கு நோக்கற்பாலது. அஃது அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தில் இருக்கின்றது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகம் செய்வார்க்கு நல்ல வாணிகம் என்பது அதன் கருத்து. வாங்குவதில் மிகையும் விற்பதில் குறையும் வாராமல் ஒப்ப நோக்குதல் என உரை விளக்கும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுவதும் இந்நடுவுநிலை கொண்டே. பொருள் ஈட்டும் வழியைக் கூறும் பொருள் செயல்வகையை (அதிகாரம் 76) எடுத்துக்கொண்டு, வணிகன் நிற்க வேண்டிய இடத்தைக் கூறும் 12ஆம் அதிகாரத்தை விட்டுவிடுவது பொருட்பாலை மட்டும் தனியே கத்தரித்து எடுத்ததன் நேர் விளைவாகும். பொருள் செயல்வகையிலும் பகைவரின் செருக்கை அறுக்கும் படைக்கலம் பொருளே எனக் கூறும் 759தான் மேடையேறும். அருளோடும் அன்போடும் வாராத செல்வத்தைத் தொடாது விட்டுவிடச் சொல்லும் 755 மேடையேறாது.

நிறுவனங்கள் அறத்தைப் பேசுவதில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை, நிறையவே பேசுகின்றன. அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் 2000ஆம் ஆண்டு சூலையில் 64 பக்க நன்னெறிக் கையேடு ஒன்றை ஊழியர்க்கு வழங்கியிருந்தது. நேர்மையும் மதிப்பும் அந்நிறுவனம் அறிவித்துக்கொண்ட விழுமியங்கள். 2001 திசம்பரில், கணக்கு மோசடிகள் வெளிப்பட்ட நிலையில், அது திவாலானது. வஞ்சனையால் பொருள் சேர்த்துக் காத்தல் பச்சை மட்கலத்தில் நீரை ஊற்றி வைப்பதற்கு ஒப்பு என்னும் 660ஆம் குறளுக்கு இதனைவிடப் பொருத்தமான சான்று தேட வேண்டியதில்லை. அலுவலகச் சுவரில் குறளை மாட்டி வைப்பதும் கையேட்டில் அறத்தை அச்சிடுவதும் ஒரே வகைச் செயலாகிவிடக் கூடாதே என்பதுதான் நம் கவலை.

தோட்டத்திலிருந்து ஒரு பார்வை

இவ்வாய்வு மலாயாவில் தமிழர் குடியேறிய வரலாற்றைத் தொடாமல் போக இயலாது. இங்கு மேலாண்மைக் குறளைக் கேட்கும் அவையினருள் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள். அவர்களுடைய முன்னோர் மேலாண்மையை எதிர்ப்புறத்திலிருந்து அறிந்தவர்கள்.

ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்த பிறகு ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் திரட்டியதில் கங்காணி முறை முதன்மை பெற்றது. கங்காணி தம் ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார். தோட்டத்தில் அவர்களையே மேற்பார்த்தார். அவர் திரட்டியவர்கள் வேலைக்குச் சென்ற நாள்களின் கணக்கில் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்ததோடு அம்முறை முடிவுக்கு வந்தது.

517ஆம் குறளை இச்சூழலில் வைத்துப் பார்ப்போம். ரப்பர் பால் வெட்டும் வேலையை, இக்கருவியால், இக்கங்காணி முடிப்பார் என ஆராய்ந்து தோட்ட நிருவாகம் அவரிடம் ஒப்படைத்தது. நிருவாகத்தின் நோக்கில் அது மிகத் திறமையான ஏற்பாடு. மொழி தெரிந்தவர், உறவு தெரிந்தவர், யார் எப்போது ஓடிப்போவார் என்பதையும் அறிந்தவர். அதிகாரப் பகிர்வுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். ஆனால் 520 கூறும் நாளாந்த ஆராய்ச்சி அங்கு எதனை ஆராய்ந்தது? பாலின் அளவையும் வேலைக்கு வந்தவர் தொகையையும். கங்காணியின் கோணலால் யாருடைய உலகம் கோணியது என்பது துரையின் கணக்கேட்டுக்கு அப்பாற்பட்ட செய்தி. சுற்றந்தழால் என்னும் அதிகாரம் (53) உறவினரைத் தழுவிக் காப்பதைப் பேசுகின்றது. கங்காணி முறையோ உறவையே ஆள்பிடிக்கும் வலையாக்கியது. எல்லாக் கங்காணிகளும் கொடியவர்கள் என்பது நம் கருத்தன்று. ஊரார்க்குத் துணை நின்றவர்களும் இருந்தனர். முறையின் அமைப்பு அவர்களுடைய நல்லெண்ணத்தைச் சார்ந்து நின்றது என்பதே குறை.

இந்த வரலாற்றை அறிந்த ஒருவர் குறளை வாசிக்கும்போது அவருடைய கண் தானாகவே வேறு குறள்களில் நிற்கும். கடுஞ்சொல்லும் வரம்பு மீறிய தண்டனையும் அரசனின் வலிமையைத் தேய்க்கும் அரம் என்னும் 567இல் நிற்கும். கடமை கெடாமல் இரக்கம் காட்ட வல்லவர்க்கே இவ்வுலகம் உரியது என்னும் 578இல் நிற்கும். இவையும் பொருட்பாலின் அரசியலில் உள்ளவைதாம். நம் அவையினர்க்கு இவற்றை முதலில் எடுத்துக் காட்டாமல் 517ஐ மட்டும் காட்டுவது, அவர்களை அவர்களுடைய தாத்தாவின் இடத்திலிருந்து எழுப்பித் துரையின் நாற்காலியில் அமர வைத்து நூலைக் கையில் கொடுப்பது போன்றது. நாற்காலியில் அமர்வதில் தவறில்லை. பலரும் உழைத்தே அதனை அடைந்திருக்கின்றனர். அங்கிருந்து மட்டுமே நூல் படிக்கத்தக்கது என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது.

கருவியும் செயற்கையும்

தொழில்நுட்பத்தைப் பற்றிக் குறளில் தேடுவோர் ‘கருவி’ என்னும் சொல்லைப் பற்றிக்கொள்வர். அச்சொல்லின் பரப்பு வியப்பளிப்பது. அறிவு அழிவு வாராமல் காக்கும் கருவி (421). மறவாத மனமும் ஒரு கருவி (537). 517இல் துணைவரும் பொருளும் கருவி. செயலுக்கு முன் மயக்கம் தீர எண்ண வேண்டிய ஐந்தினுள் பொருள், காலம், வினை, இடம் ஆகியவற்றோடு கருவியும் ஒன்று (675). ஐந்தில் ஒன்று என்பதைக் கருத்திற் கொள்ள வேண்டும். இன்று நம் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கருவி முதலில் வாங்கப்படுகின்றது. அதனால் ஆற்ற வேண்டிய வினை யாது என்பது பின்னர்த் தேடப்படுகின்றது.

அமைச்சு அதிகாரத்தின் 637ஆம் குறளில் ‘செயற்கை’ என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சு பெருகியுள்ள இந்நாளில் அச்சொல்லைக் கண்டவுடன் தொழில்நுட்பம் என்று பொருள்கொள்ளும் ஆவல் எழுவது இயல்பு. அங்கு அச்சொல் நூல்களால் பெற்ற வினைத்திறனையே குறிக்கின்றது. அத்திறனை அறிந்திருந்தாலும் உலகத்தின் நடைமுறையை அறிந்து அதற்கேற்பச் செய்ய வேண்டும் என்பதே குறளின் கருத்து. இப்பழம்பொருள் நமக்கு இன்னும் மிகுதியாகப் பயன்படுகின்றது. ஏனெனில் மேலாண்மைக் கோட்பாடுகளே இப்பொருளில் செயற்கைதாம்! வகுப்பறையில் கற்ற முறையை உலகின்மேல் அப்படியே பொருத்திவிட முடியாது என்னும் எச்சரிக்கை, குறளை மேலாண்மைப் பாடநூலாக்குவோரை நோக்கியே சொல்லப்பட்டது போல இருக்கின்றது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்த பின்னர், குறளும் மேலாண்மையும் என்னும் தலைப்பில் ஒரு கட்டுரையை எந்திரத்திடம் கேட்டு நொடிகளில் பெற முடிகின்றது. மன்னனை நிருவாகியாகவும் அமைச்சரைத் துறைத் தலைவராகவும் மாற்றித் தருவது எந்திரத்துக்கு எளிது. மாணவர் எந்திரத்தால் எழுதுகின்றனரே என நாம் வருந்துகின்றோம். எந்திரத்தால் எழுதத்தக்க முறையை அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நாமல்லவா? தனிக் குறளை மனனம் செய், பொருளை எழுது, இன்றைய வாழ்வோடு பொருத்து என்னும் படிமுறை தொடக்கப்பள்ளியிலிருந்தே பழகிப்போன ஒன்று. மனனம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. மனனம் இன்றிக் குறள் உள்ளத்தில் தங்காது. அதிகாரம் என்னும் அலகு எங்கும் கற்பிக்கப்படவில்லை என்பதே நம் குறை. பத்துக் குறளையும் ஒருசேரப் படித்து, அவற்றுள் ஒன்று மற்றொன்றை எங்கு மறித்துப் பேசுகின்றது என்று கண்டுபிடிக்கும் பயிற்சி இருந்தால் மாற்றீட்டு அட்டவணை அவ்வளவு எளிதில் வேலை செய்யாது.

கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை ஆகிய நான்கு அதிகாரங்களும் அரசியலில் அமைந்திருப்பதால் கல்வியை முதலீடாகக் காண்பதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஆயினும் 399ஆம் குறள், தமக்கு இன்பம் தரும் கல்வி உலகுக்கும் இன்பம் தருவதைக் கண்டு கற்றவர் மேலும் கற்க விரும்புவர் என்கின்றது. ஈட்டம் ஒருவர் பைக்குள் வரும் கணக்கு அங்கு இல்லை. 414ஆம் குறள் கல்லாதவரையும் கேட்கச் சொல்கின்றது. தளர்ச்சியில் ஊன்றுகோலாவது அதுவே என்கின்றது. தோட்டத்து லயங்களில் எழுத்தறிந்த ஒருவர் நாளேட்டை உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்ட வழக்கத்தை மூத்தோர் நினைவுகூர்வதுண்டு. கேள்வி என்னும் அதிகாரத்துக்கு அதனைவிடச் சிறந்த உரையை நாம் அறியோம்.

ஒழிபியலில் இருப்பவர்கள்

பொருட்பாலின் எழுபது அதிகாரங்களைப் பரிமேலழகர் அரசியல், அங்கவியல், ஒழிபியல் என 25, 32, 13 அதிகாரங்களாகப் பகுப்பார். கடைசிப் பதின்மூன்று அதிகாரங்கள் அவர்க்கு முன்னிரண்டு இயல்களிலும் சொல்லாது எஞ்சியவை. வேறொரு பகுப்பில் அப்பதின்மூன்றுக்குக் குடியியல் என்று பெயர். ஒரு பகுப்பில் எஞ்சியவை எனப்பட்டவை இன்னொரு பகுப்பில் குடிகளைப் பற்றியவை. மேலாண்மை நூல்கள் பெரும்பாலும் இப்பகுதிக்கு வந்து சேர்வதில்லை. வந்தாலும் உழவு அதிகாரத்தோடு நின்றுவிடும்.

உழவுக்குப் பின் வருபவை நல்குரவு, இரவு, இரவச்சம், கயமை. பொருளைச் செய்யச் சொன்ன பால் வறுமையிலும் இரத்தலிலும் வந்து முடிகின்றது. நெருப்பினுள் உறங்குதல்கூட இயலும், வறுமையில் கண்மூடுதல் இயலாது என்பவர் (1049) நாடாள்பவரின் இடத்திலிருந்து பேசவில்லை. உறக்கமின்றிப் புரள்பவரின் பாயிலிருந்து பேசுகின்றார். நேற்றுக் கொன்றது போன்ற வறுமை இன்றும் வந்துவிடுமோ என அஞ்சுபவரின் குரலும் (1048) அத்தகையதே. பொருட்பாலின் தொடக்கத்தில் ஆறு உறுப்புகளோடு வீற்றிருந்த அரசன் (381) இங்கு எங்கும் காணப்படவில்லை.

இரவச்சத்தின் 1062ஆம் குறள், பிச்சையெடுத்தும் உயிர் வாழ வேண்டும் என்னும் நிலை உலகில் இருக்குமானால் அவ்வுலகைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் எனச் சபிக்கின்றது. ஓர் அரசியல் நூலின் முடிவில் இச்சாபம் ஏன் வைக்கப்பட்டுள்ளது என்பதை நம் முதுகலை மாணவரிடம் ஒருமுறை வினவினோம். மன்னனை நிறுவனத் தலைவராக மாற்றிக் கட்டுரை எழுதியிருந்த ஒருவர் சற்று நேரம் சிந்தித்துவிட்டு, அப்படியானால் அட்டவணையில் உலகைப் படைத்தவனுக்கு நேராக யாரை எழுதுவது என்று நம்மையே திருப்பிக் கேட்டார். அவ்வினாவையே தலைப்பாகக் கொண்டு கட்டுரையை முதலிலிருந்து எழுதி வரும்படி அவரை அனுப்பிவைத்தோம்.